செல் சவ்வைத் தாண்டிப் போகும் பொருள்கள்: இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் உயிரியல் பாடத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ‘ஆற்றல் சாராக் கடத்தல்’ என்ற பாடத்தைப் பலரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு அது தினமும் கண்ணெதிரே நடக்கிற காரியம். அதனால் விளக்கங்களையும் இங்கிருந்தே எடுத்திருக்கிறேன்.

ஆற்றல் சாராக் கடத்தல் என்றால் என்ன?

செல் தன் கையிருப்பு ஆற்றலைச் செலவழிக்காமலே ஒரு பொருள் சவ்வைத் தாண்டி உள்ளே வருவதும் வெளியே போவதும்தான். அந்தக் கையிருப்புக்கு ஏடிபி என்று பெயர். பொருள் செறிவாக இருக்கும் பக்கத்திலிருந்து செறிவு குறைந்த பக்கத்துக்குப் போகும். இந்த வித்தியாசத்தைச் செறிவுச் சரிவு என்கிறோம். எளிய பரவல், புரதத்தின் துணையோடு நடக்கும் பரவல், சவ்வூடு பரவல் என்று இதில் மூன்று வகை.

யாரும் தள்ளவில்லை, இழுக்கவில்லை என்றால் பொருள் எப்படி நகர்கிறது?

எந்த மூலக்கூறும் சும்மா இருப்பதில்லை. வெப்பம் இருக்கும்வரை அது அங்குமிங்கும் மோதிக்கொண்டே இருக்கும். 1827இல் ராபர்ட் பிரவுன் மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் தண்ணீரில் துள்ளுவதை நுண்ணோக்கியில் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் இடிப்பதால்தான் அந்தத் துள்ளல் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கு போட்டுக் காட்டினார்.

இந்த ஓட்டத்துக்குத் திசை கிடையாது. அப்படியிருக்க, செறிவு குறைந்த பக்கம் எது என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பாம்பன் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் பக்கம் ஆயிரம் வண்டி, பாம்பன் பக்கம் நூறு வண்டி. ஓட்டுகிற எவருக்கும் போக வேண்டிய ஊர் என்று ஒன்று இல்லை, மனம்போன போக்கில் ஓட்டுகிறார்கள். அப்படி இருந்தாலும் சிறிது நேரத்தில் மண்டபத்திலிருந்து பாம்பனுக்குப் போன வண்டிகள்தான் அதிகமாக இருக்கும். மண்டபம் பக்கம் வண்டி அதிகம் என்பதைத் தவிர இதற்குக் காரணம் இல்லை. இரண்டு பக்கமும் சமமான பிறகும் வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், கணக்கு மட்டும் மாறாது. சமநிலை வந்ததும் நகர்வு நின்றுவிடுகிறது என்று விடைத்தாளில் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிற்பது நிகர நகர்வு மட்டும்தான்.

செல் சவ்வு எதை விடும், எதை மறிக்கும்?

சவ்வின் தடிமன் ஏறத்தாழ 7 அல்லது 8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு வைத்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளாலான இரட்டை அடுக்கு என்று 1925இல் கோர்ட்டரும் கிரென்டலும் கண்டார்கள். அந்தக் கொழுப்பில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்ற படத்தை 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் கொடுத்தார்கள். இன்றைய பாடப்புத்தகத்தில் இருப்பது அதுதான்.

நடுவில் கொழுப்பு இருப்பதால், கொழுப்பில் கரைகிறதா என்பதே முதல் சோதனை. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஆல்கஹால் எல்லாம் சுலபமாகப் போய்விடும். குளுக்கோஸ் பெரியது, தண்ணீரை விரும்புவது, அதனால் நின்றுவிடும். உப்பின் சோடியமும் குளோரைடும் அளவில் மிகச் சிறியவை, ஆனால் மின்னேற்றம் உள்ளவை. தம்மைச் சூழ்ந்த தண்ணீரை விட்டுவிட்டுக் கொழுப்புக்குள் அவை நுழையாது. அளவை மட்டும் பார்த்துச் சவ்வைச் சல்லடையாக நினைப்பவர்கள் தடுமாறும் இடம் இது.

தண்ணீரும் கொழுப்பும் ஒட்டாதே, தண்ணீர் எப்படிப் போகிறது?

நல்ல கேள்வி. விஞ்ஞானிகளும் வெகுகாலம் இதைக் கேட்டார்கள். கொஞ்சம் தண்ணீர் கொழுப்பு அடுக்கின் ஊடே கசியும். ஆனால் சிறுநீரகத்திலும் சிவப்பணுவிலும் நடக்கும் வேகத்துக்கு அந்தக் கசிவு போதாது. தண்ணீருக்கென்றே தனிப் புரதக் குழாய் இருக்கிறது என்பதை 1992இல் பீட்டர் ஆக்ரேயின் குழு காட்டியது. அதற்கு ஆக்வாபோரின் என்று பெயர் வைத்தார்கள், 2003இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஒரே ஒரு குழாயில் விநாடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் வரிசையாகப் போகின்றன. உப்பு அதில் நுழைய முடியாது. இவ்வளவு போக்குவரத்துக்கும் செல் ஒரு காசு செலவழிப்பதில்லை.

உப்புதான் தண்ணீரை இழுக்கிறது என்கிறார்களே?

பேச்சுவழக்கில் அப்படிச் சொல்லலாம். உண்மையில் உப்பு கரைந்திருக்கும் பக்கத்தில் தண்ணீர் அந்த அளவுக்குத் தடையின்றி நகர முடியாத நிலையில் இருக்கிறது. தெளிந்த நீர் இருக்கும் பக்கத்திலிருந்து அதிகமாக வருகிறது, எதிர்ப்பக்கத்திலிருந்து குறைவாகத் திரும்புகிறது. நிகரமாகப் பார்த்தால் தண்ணீர் உப்புப் பக்கம் சேர்கிறது. இதுவே சவ்வூடு பரவல். 1748இல் பிரான்சில் நொலே என்ற பாதிரியார் பன்றியின் சிறுநீர்ப்பையில் சாராயத்தை ஊற்றிக் கட்டித் தண்ணீரில் வைத்தார். பை உப்பியது. இதைப் பற்றிய ஆரம்பக் குறிப்பு அதுதான்.

உப்பும் சவ்வைத் தாண்ட முடிந்தால் சவ்வூடு பரவல் நீடிக்காது. தண்ணீரை விட்டு உப்பை மறிக்கும் சவ்வு வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதிக்கு இந்த ஒரு வரிதான் அடிப்படை.

கருவாடு கெடாமல் இருப்பது இதனால்தானா?

ஆமாம், ஆனால் பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும் அளவுக்கு அது சின்ன விஷயம் இல்லை. உப்பில் கிடக்கும் மீனில் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன.

ஒன்று, மீனின் சதையிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறது. தொட்டியில் உப்பும் மீனும் மாறி மாறி அடுக்கி வைத்தால், ஒரு சொட்டு ஊற்றாமலே மறுநாள் தொட்டியில் உப்புநீர் தேங்கி நிற்குமே, அது மீனிலிருந்து வந்த நீர். செத்த மீனின் சவ்வுகள் மெல்ல மெல்லச் சிதைவதால் உப்பும் சதைக்குள் இறங்குகிறது. உயிருள்ள செல்லுக்கும் கருவாட்டுத் தொட்டிக்கும் உள்ள வேறுபாடு இது.

இரண்டாவது, மீனைக் கெடுக்க வரும் பாக்டீரியா உயிரோடு இருப்பது. அதன் சவ்வு முழுசாக வேலை செய்கிறது. சுற்றியிருக்கும் கெட்டி உப்புநீருக்குத் தன் உடலின் தண்ணீரை இழந்து சுருங்கிப் பெருக முடியாமல் போகிறது. மீன் காய்வது மட்டும் காரணமில்லை, கெடுக்கும் கிருமியும் காய்ந்துபோகிறது.

பெரிய கட்டா, பாறை மீன்களை முதுகோடு கீறி விரித்து உப்பு வைக்கிறார்கள். நெத்திலியையோ காரலையோ அப்படிக் கீறுவதில்லை. நெத்திலிக்குப் பெரும்பாலும் உப்பே வேண்டாம், வெயில் போதும். இதற்குப் பின்னால் பரவலின் மிக முக்கியமான விதி இருக்கிறது: தூரம் பத்து மடங்கானால் ஆகும் நேரம் நூறு மடங்கு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரத்தைச் சிறு மூலக்கூறு கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்குச் சில நிமிடங்கள் வேண்டும், ஒரு சென்டிமீட்டருக்குப் பல மணி நேரம். கீறாத பெரிய மீனின் நடுச்சதைக்கு உப்பு போய்ச் சேருவதற்குள் உள்ளே அழுகல் தொடங்கிவிடும். இந்தக் கணக்கை 1855இல் ஃபிக் சமன்பாடாக எழுதினார். கருவாடு போடும் பெண்கள் அதைக் கத்தியால் கடைப்பிடிக்கிறார்கள். உடலின் செல்கள் இவ்வளவு சிறியவையாக இருப்பதற்கும் இதே விதி ஒரு பெரிய காரணம்.

உப்பு போட்ட கருவாட்டிலும் சில சமயம் இளஞ்சிவப்பாகப் பூக்கிறதே?

அது உப்பையே விரும்பும் நுண்ணுயிர். வாலிநோக்கம், திருப்பாலைக்குடி போன்ற இடங்களின் உப்பளப் பாத்திகளில் நீர் கெட்டியாகும்போது செந்நிறம் தெரிவதும் இந்தக் கூட்டத்தால்தான். இவை தம் செல்லுக்குள் பொட்டாசியத்தை மிக அதிகமாகச் சேர்த்து வைத்துக்கொள்வதால் வெளியே எவ்வளவு உப்பு இருந்தாலும் தண்ணீரை இழப்பதில்லை. உப்போடு சேர்ந்து கருவாட்டுக்கும் வந்துவிடுகின்றன. சுத்தமான உப்பு போட்டு நன்றாகக் காயவைத்தால் பெரும்பாலும் வராது. பூத்ததை வாங்காதீர்கள்.

படகு பழுதாகி நடுக்கடலில் நின்றால் கொஞ்சமாவது கடல் தண்ணீர் குடிக்கலாமா?

கூடாது. கொஞ்சம்கூட வேண்டாம்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், இது குறையும், இருந்தாலும் குடிக்கும் அளவுக்குக் குறையாது. நம் இரத்தத்துக்கு ஒத்துப்போகும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம்தான். கரைந்த பொருள்களின் மொத்தச் செறிவைப் பார்த்தாலும் கடல்நீர் இரத்தத்தைவிட மூன்று மடங்குக்கு மேல். குடித்த கடல்நீர் குடலில் நிற்கும்போதே உடலின் தண்ணீர் குடலை நோக்கி வரத் தொடங்கும், வயிற்றுப்போக்கும் ஆகலாம். உள்ளே போன உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் தண்ணீரைச் செலவழித்தாக வேண்டும். கடல்நீர் அளவுக்கு உப்பான சிறுநீரை நம் சிறுநீரகத்தால் உருவாக்க முடியாது. ஒரு லிட்டர் குடித்தால் அதன் உப்பைக் கழிக்க ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். குடித்ததைவிட இழந்தது அதிகம். இரத்தத்தில் உப்பு கூடக் கூட மூளைச் செல்களிலிருந்தும் நீர் வெளியேறும், பிதற்றலும் மயக்கமும் வரும்.

கடலுக்குப் போகும்போது தேவைக்கு மேல் ஒரு கேன் நல்ல தண்ணீர் கூடுதலாக ஏற்றுங்கள். மழை பெய்தால் தார்ப்பாயில் பிடித்து வையுங்கள். நிழலில் இருந்து வியர்வையைக் குறையுங்கள்.

அப்படியானால் மீன் எப்படிப் பிழைக்கிறது?

ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. பாறை, கட்டா, காரல் போன்ற எலும்பு மீன்களின் இரத்தச் செறிவு கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே அவற்றின் செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட அவை கடல்நீரைக் குடிக்கின்றன. வந்த உப்பைச் செவுளில் உள்ள தனிச் செல்கள் ஏடிபி செலவழித்து வெளியே தள்ளுகின்றன. நம்மிடம் அந்தச் செவுள் செல் இல்லை.

சுறாவும் திருக்கையும் வேறு வழி பிடித்தவை. யூரியாவைக் கழிக்காமல் இரத்தத்திலேயே வைத்துக்கொண்டு, மொத்தச் செறிவைக் கடல்நீரைவிடச் சற்றே கூட்டிவிடுகின்றன. தண்ணீர் தானாகவே உள்ளே வருகிறது, குடிக்க வேண்டியதில்லை. சுறாக் கருவாட்டின் அந்தக் கார நெடி, இந்த யூரியாவைப் பாக்டீரியா உடைத்து அம்மோனியாவாக்குவதால் வருவது. கடலட்டை எதையும் எதிர்ப்பதில்லை. அதன் உடல் நீரும் கடல்நீரும் ஏறத்தாழ ஒரே செறிவு.

நாள் முழுக்கக் கடற்பாசி எடுத்தால் விரல் சுருங்குவதும் சவ்வூடு பரவலா?

பல வகுப்புகளில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது சரியில்லை. கடல்நீர் உடலைவிடச் செறிவானது. சவ்வூடு பரவல் மட்டும் காரணமென்றால் நல்ல தண்ணீரில் ஊறினால் ஒரு மாதிரியும் கடலில் ஊறினால் நேர்மாறாகவும் இருக்க வேண்டும். விரலுக்குப் போகும் நரம்பு அறுபட்டவர்களுக்கு எவ்வளவு நேரம் ஊறினாலும் சுருக்கம் விழுவதில்லை என்று மருத்துவர்கள் 1930களிலேயே கவனித்தார்கள். நரம்பு தரும் ஆணையால் விரல்நுனியின் இரத்தக் குழாய்கள் சுருங்க, உள்சதை குறைந்து மேல்தோல் மடிகிறது. சின்னப்பாலத்திலிருந்து தீவுகளுக்குப் போய் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கும் அக்காமார் விரலில் துணி சுற்றிக்கொள்வது பாறையின் வெட்டிலிருந்து காக்கத்தான். சுருக்கம் தீங்கு செய்யாது, தானே போய்விடும்.

மூச்சடக்கி முங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? முங்கும் முன் வேகமாக மூச்சு வாங்கினால் அதிக நேரம் தாங்குமே?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

நுரையீரலின் காற்றறைக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. ஆக்சிஜன் அதன் வழியே இரத்தத்துக்குப் போவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியே வருவதும் வெறும் எளிய பரவல். மூச்சை அடக்கினாலும் அது நிற்பதில்லை. நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் இரத்தத்துக்குப் போய்க்கொண்டே குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துகொண்டே போகிறது.

மூச்சு முட்டுகிறது, மேலே போ என்று உடல் அலறுவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால்தான். ஆக்சிஜன் குறைவதை உடல் அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை. முங்கும் முன் பல தடவை வேகமாக மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது, ஏனென்றால் சாதாரண மூச்சிலேயே இரத்தம் கிட்டத்தட்ட நிரம்பியிருக்கிறது. குறைவது கார்பன் டை ஆக்சைடு. அதாவது எச்சரிக்கையைத் தள்ளிப் போடுகிறீர்கள். அது ஒலிக்கும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து மூளை அணைந்துவிடும்.

மேலே ஏறும் நேரம் இன்னும் மோசம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு, அதனால் மிச்ச ஆக்சிஜனும் இரத்தத்துக்குள் போக முடிகிறது. ஏற ஏற அழுத்தம் பாதியாகிறது, சரிவு தலைகீழாகி ஆக்சிஜன் இரத்தத்திலிருந்து நுரையீரலுக்கே திரும்பலாம். மேற்பரப்புக்கு ஒரு முழம் இருக்கும்போது மயங்குபவர்கள் இப்படித்தான் மயங்குகிறார்கள். பரவலுக்கு நம்மேல் இரக்கம் கிடையாது, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும்.

வேகமூச்சு வாங்கி முங்காதீர்கள். தனியாக முங்காதீர்கள், ஒருவர் மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கம்ப்ரசர் காற்றில் சங்கு குளிப்பவர்களுக்கு ஆபத்து வேறு விதம்: ஆழத்தில் நைட்ரஜன் பரவி உடலில் கரைகிறது, வேகமாக ஏறினால் குமிழியாகி மூட்டையும் நரம்பையும் அடைக்கும். அவர்கள் மெதுவாக ஏற வேண்டும்.

குளுக்கோஸ் எப்படி உள்ளே போகிறது?

அதற்கென்று உள்ள கடத்திப் புரதம் வழியாக. புரதம் ஒரு பக்கம் திறந்து குளுக்கோஸைப் பிடித்து, உரு மாறி மறுபக்கம் விடுகிறது. இதுவும் சரிவின் போக்கில்தான், ஏடிபி வேண்டாம். எளிய பரவலில் செறிவு கூடக் கூட வேகமும் கூடிக்கொண்டே போகும். இதில் எல்லாக் கடத்திகளும் நிரம்பியதும் வேகம் ஓர் உச்சத்தில் நின்றுவிடும். தசையிலும் கொழுப்பிலும் இந்தக் கடத்திகளைச் சவ்வுக்குக் கொண்டுவர இன்சுலின் வேண்டும். அதனால்தான் சர்க்கரை நோயில் இரத்தத்தில் குளுக்கோஸ் வழிந்தாலும் தசை பட்டினி கிடக்கிறது.

காரங்காட்டில் அலையாத்தி மரங்கள் உப்புத் தண்ணீரிலேயே நிற்கின்றனவே?

வெளியே அவ்வளவு உப்பு இருந்தால் வேரிலிருந்து தண்ணீர் வெளியேறிவிட வேண்டும். இந்த மரங்களின் இலைகள் நீராவியை விடும்போது தண்டுக்குழாயில் வலுவான உறிஞ்சல் உண்டாகிறது. அது சவ்வூடு அழுத்தத்தையும் மிஞ்சித் தண்ணீரை உள்ளே கொண்டுவருகிறது. வேரின் சவ்வுகள் 90 சதவீதத்துக்கும் மேலான உப்பை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. தப்பி வந்த உப்பை வெண்கண்டல் தன் இலைச் சுரப்பிகளால் ஆற்றல் செலவழித்துக் கக்கிவிடும். படகில் போகும்போது இலையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்.

ஆலைகளில் கடல்நீரைக் குடிநீராக்குவதும் இதுதானா?

அதற்கு நேரெதிர். கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் ஏறத்தாழ 27 வளிமண்டல அழுத்தம். அதைவிட மிகுந்த அழுத்தத்தில் பம்பு வைத்துத் தள்ளினால்தான் தண்ணீர் உப்புப் பக்கத்திலிருந்து தெளிந்த பக்கத்துக்கு வரும். மின்கட்டணம் ஏறுவது இதனால்தான்.

செல்லுக்கு உண்மையிலேயே செலவே இல்லையா?

கடக்கும் நேரத்தில் இல்லை. ஆனால் சரிவு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு புரதப் பம்பு ஓயாமல் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஒரு ஏடிபி செலவு. நரம்பில் சோடியம் தானாகப் பாய்வது அந்தப் பம்பு முன்பே கட்டிவைத்த சரிவில்தான். நுரையீரலில் சரிவைக் காப்பது மூச்சுத் தசையும் இதயமும். பாடத்தில் ஆற்றல் சாராக் கடத்தலையும் ஆற்றல் செலவழிக்கும் கடத்தலையும் தனித்தனிப் பக்கத்தில் அச்சிடுகிறார்கள், உயிரில் அவை பிரிவதில்லை. நிறைய மாணவர்கள் தவறவிடும் இடம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. ஓஆர்எஸ் பொட்டலத்தை எப்படிக் கலப்பது? கெட்டியாகக் கலந்தால் சீக்கிரம் கேட்குமா?

கெட்டியாகக் கலக்கவே கூடாது. குடல் சுவரில் ஒரு கடத்தி சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே எடுக்கும், தண்ணீர் அவற்றின் பின்னால் சவ்வூடு பரவலில் போகும். அதனால்தான் பொட்டலத்தில் உப்பும் குளுக்கோஸும் இரண்டும் இருக்கின்றன. கரைசல் இரத்தத்தைவிடச் சற்றே நீர்த்திருக்கும்படி அளவு வைத்திருக்கிறார்கள். பாதித் தண்ணீரில் கலந்தால் செறிவு இரட்டிப்பாகி, பிள்ளையின் உடலிலிருந்தே தண்ணீர் குடலுக்கு வந்து போக்கு கூடும்.

பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சிறிய பொட்டலங்களுக்கு அளவு வேறு, உறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்து ஆறிய நல்ல தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரேயடியாகக் கலக்கி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மெதுவாகத் தொடருங்கள். சர்க்கரை, கருப்பட்டி எதையும் கூடச் சேர்க்க வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிந்தாலும், பிள்ளை துவண்டாலும், சிறுநீர் போகாவிட்டாலும், மலத்தில் இரத்தம் தெரிந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கலக்கியதில் மிச்சமிருந்தால் 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.